நாணயத்தின் நாணயம்



'நாணயம்' என்னும் சொல் நம் தமிழில் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுபவரை 'நாணயமானவர்' என்று போற்றுகிறோம். இவ்விரு பொருள்களும் எத்துணை நெருங்கியவை என்பதைக் காட்டும் ஒரு நிகழ்ச்சியைப் பிளினி என்னும் ரோமானிய அறிஞர் எழுதி வைத்திருக்கிறார்.

அது பேரரசர் கிளாடியசின் ஆட்சிக் காலம் (கி.பி. 41-54). செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவர், அரபு நாட்டைச் சுற்றிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். காற்று அவரது கப்பலை அடித்துச் சென்று, பதினைந்தாம் நாள் இலங்கைக் கரையில் சேர்த்தது. அந்நாட்டு மன்னர் அவரை ஆறு மாதம் ஆதரித்து வைத்திருந்தார். அவரிடமிருந்து கைப்பற்றப்பட்ட வெள்ளிக் காசுகள் மன்னரின் பார்வைக்கு வந்தன. காசுகளில் இருந்த முகங்கள் பலவாக இருந்தன. ஆகவே அவை பலர் காலத்தில் அடிக்கப்பட்டவை என்பது விளங்கியது. எனினும் அவற்றின் எடையோ ஒன்றாகவே இருந்தது. ஆட்சியாளர் மாறியும் அளவு மாறாத அந்த நேர்மையை வியந்த மன்னர், ரோமாபுரிக்குத் தூதுவர்களை அனுப்பினார் என்கிறார் பிளினி.

காசு சோதனையின் முதல் பாடத்தை அந்த மன்னர் அறிந்திருந்தார். முகத்தைப் பார்த்து மயங்காமல் எடையைப் பார்த்தார்!

ஆனால் அதே ரோமப் பேரரசில், அரசு அடித்த காசுகளோடு அரசு அடிக்காத காசுகளும் ஏராளமாகப் புழங்கின. இன்று உலகெங்கும் அருங்காட்சியகங்களில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. இவற்றைப் பிரித்தறிவது எப்படி? அரசு அடிக்காதவை யாவும் மோசடிதானா? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

அரசின் காசு பிறந்த விதம்

ரோமாபுரியில் அக்கசாலை முற்காலத்தில் கேப்பிட்டோலின் குன்றில், ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டி இருந்தது. கைத்தேர்ச்சி பெற்ற செதுக்குநர்கள் உலோக அச்சில் உருவத்தையும் எழுத்தையும் தலைகீழாகச் செதுக்குவர். ஓர் அச்சைப் பட்டறைக் கல்லில் பொருத்தி, அதன்மேல் எடை சரிபார்த்த காசு வில்லையை வைத்து, மற்றோர் அச்சை அதன்மேல் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். ஒரே அடியில் இரு பக்கமும் பதிந்துவிடும்.

இதிலிருந்து ஓர் உண்மையை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். அச்சும் கையால் செய்தது. அடியும் கையால் விழுந்தது. ஆகவே அரசின் காசிலும் உருவம் ஓரமாக ஒதுங்கியிருக்கலாம், விளிம்பு வெடித்திருக்கலாம். அவை குற்றமல்ல. மாறாதிருக்க வேண்டியவை வேறு: எடை, உலோகத்தின் மாற்று, எழுத்துகளின் ஒழுங்கு, முகத்தின் வார்ப்பு.

எடைக்கு ஒரு கணக்கு இருந்தது. ரோமானிய இராத்தல் சுமார் 327 கிராம். அகஸ்டசின் காலத்தில் ஓர் இராத்தல் வெள்ளியில் 84 தினாரியஸ் காசுகள் அடித்தனர். ஒன்று ஏறக்குறைய 3.9 கிராம். கி.பி. 64-ஐ ஒட்டி நீரோ மன்னர் அதை 96 ஆக்கினார், எடை 3.4 கிராமாக இறங்கியது. எந்த ஆட்சியில் எந்த எடை என்று தெரிந்தால், பாதிச் சோதனை முடிந்தது.

காசு பார்ப்போர்

கள்ளக் காசு பெருகும்போது துன்புறுபவர் யார்? அரண்மனையில் இருப்பவர் அல்லர், அன்றாடங்காய்ச்சியே! கி.மு. 85-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் காசின்மேல் இருந்த நம்பிக்கையே குலைந்தது. தம் கையில் உள்ள பொருள் எவ்வளவு என்பதைக் கூட எவராலும் சொல்ல முடியாத நிலை. அப்போது மாரியஸ் கிராட்டிடியானஸ் என்னும் அதிகாரி, காசைச் சோதிப்பதற்கு வழிவகுக்கும் ஆணையை வெளியிட்டார். மக்கள் மகிழ்ச்சி மிகுந்து தெருத்தோறும் அவருக்குச் சிலை எடுத்தனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின், உள்நாட்டுப் போரில் சுல்லா வென்றபோது அவர் கொடுமையாகக் கொல்லப்பட்டார் என்பது வேதனையான செய்தி. எனினும் அதே சுல்லாவின் சட்டம் ஒன்றுதான் (கி.மு. 81) கள்ளக் காசு அடிப்பதைப் பெருங்குற்றமாக்கியது.

காசு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களை ரோமர்கள் 'நும்முலாரியஸ்' என்றனர். சோதித்த காசுகளைப் பையிலிட்டு, முத்திரை வைத்து, பார்த்தவரின் பெயரும் நாளும் பொறித்த சிறு எலும்புச் சீட்டை அதில் கட்டித் தொங்கவிடுவர். அச்சீட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. நம் நாட்டிலும் இத்தொழில் இருந்தது. சங்கப் புலவர் சிலரின் பெயரோடு 'வண்ணக்கன்' என்னும் சொல் வருவதைப் படித்திருப்பீர்கள். காசின் மாற்றை நோட்டம் பார்ப்பவர் என்பதே அதன் பொருள்.

இத்தொழிலைப் பற்றிப் பிளினி ஒரு வியப்பைத் தெரிவிக்கிறார். மற்றக் கலைகளில் மாணவர் நல்லதைப் பார்த்துக் கற்கின்றனர்; இக்கலையிலோ கெட்டதைப் பார்த்துக் கற்கின்றனராம். பாடத்துக்காக ஒரு கள்ளக் காசைப் பல நல்ல காசுகள் கொடுத்து வாங்கினராம்!

வெள்ளி போர்த்த செம்பு

அரசு அடிக்காத காசுகளில் முதல் வகை, ஏமாற்றுவதற்கென்றே பிறந்தது. செம்பு வில்லையை மெல்லிய வெள்ளித் தகட்டால் இருபுறமும் போர்த்தி, சூடேற்றி ஒட்டவைத்து, பின் அச்சில் வைத்து அடிப்பர். புதிதாக இருக்கும்போது பார்வைக்கு முழு வெள்ளிதான்.

இதை எது காட்டிக்கொடுக்கும்? முதலாவது, எடை. செம்பு வெள்ளியைவிட இலேசானது. ஆகவே அதே அளவுள்ள காசு எடையில் குறையும். இரண்டாவது, விளிம்பும் உயர்ந்த இடங்களும். கன்னம், மூக்கு, காது ஆகிய மேடான பகுதிகளில் தகடு முதலில் தேயும்; உள்ளிருந்து செம்மையோ பச்சைக் களிம்போ எட்டிப் பார்க்கும். களிம்பு உள்ளே வளர்ந்து தகட்டைக் கொப்புளம் போல் தூக்கியிருப்பதும் உண்டு. மூன்றாவது, பொருந்தாத சேர்க்கை. முன்பக்கத்தில் ஒரு பேரரசரின் தலை. பின்பக்கத்திலோ வேறொருவர் காலத்துச் சின்னம்! அரசு அக்கசாலையிலும் இத்தவறு எப்போதாவது நேர்ந்ததுண்டு. ஆயினும் கையில் கிடைத்த இரு காசுகளைப் பார்த்து அச்சு செய்த கள்ளனிடம் அது மிகுதி.

அக்காலத்து மக்களும் சும்மா இருக்கவில்லை. ஐயம் வந்தால் உளியால் விளிம்பில் ஒரு வெட்டு வெட்டி உள்ளே பார்த்தனர். அவ்வெட்டுகள் பல காசுகளில் இன்றும் காணப்படுகின்றன.

சில்லறைப் பஞ்சம் பெற்ற காசுகள்

இரண்டாம் வகையின் கதை வேறு. கி.பி. 43-இல் ரோமப் படைகள் பிரித்தானியாவில் இறங்கின. ஆயிரக்கணக்கான வீரர்களுக்குச் சம்பளம் உண்டு. ஆனால் ஒரு ரொட்டி வாங்கவும் ஒரு குவளை பானம் வாங்கவும் வேண்டிய செப்புச் சில்லறை போதிய அளவில் வந்து சேரவில்லை. என்ன செய்வது? கிளாடியசின் செப்புக் காசைப் பார்த்துத் தாங்களே அடித்துக்கொண்டனர்! படைமுகாம்கள் இருந்த இடங்களிலேயே இக்காசுகள் கிடைப்பதால், அதிகாரிகள் இதைக் கண்டும் காணாதிருந்தனர் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். நீரோவின் காலத்தில், 64-ஐ ஒட்டி, இன்றைய பிரான்சின் லியோன் நகர அக்கசாலை செப்புக் காசுகளைப் பெருமளவில் அடித்து அனுப்பியது. தேவை தீர்ந்தது, போலிகளும் மெல்ல மறைந்தன.

இதைவிடப் பெரிய வெள்ளம் மூன்றாம் நூற்றாண்டில் வந்தது. 215-இல் கரகல்லா மன்னர் கதிர்முடி சூடிய தலையுடன் ஒரு புதிய வெள்ளிக் காசை வெளியிட்டார். இரண்டு தினாரியஸ் மதிப்பு என்று அதற்குப் பெயர். உள்ளே இருந்த வெள்ளியோ ஒன்றரைக் காசுக்கே போதும். பின் வந்த மன்னர்கள் போர்ச் செலவுக்காக வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போயினர். 270-ஐ நெருங்கும்போது அதில் வெள்ளி நூற்றில் இரண்டு மூன்று பங்கே! செம்புக் காசுக்கு வெள்ளிப் பூச்சு என்னும் நிலைக்கு அரசே வந்துவிட்டது. வெள்ளி போர்த்த செம்பை அடித்த கள்ளனைச் சட்டம் தண்டித்தது. அதையே அரசு செய்தபோது அது 'நல்ல காசு' ஆயிற்று. சிந்திக்க வேண்டிய இடம் இது.

அக்காலத்தில் காலியா, பிரித்தானியா ஆகிய மேற்கு மாநிலங்கள் 260 முதல் தனி அரசாகப் பிரிந்திருந்தன. 274-இல் பேரரசர் அவுரேலியன் அவற்றை மீட்டார். பழைய காசைத் திருத்திப் புதிய காசு வெளியிட்டார். ஆனால் அப்புதிய காசு மேற்கே மிகச் சிறிதளவே வந்து சேர்ந்தது. சந்தை நிற்குமா? தோற்ற மன்னர் டெட்ரிக்கசின் காசையும் மற்றவர் காசையும் பார்த்து ஊர்ப் பட்டறைகள் அடித்துத் தள்ளின. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெளிவந்த இந்தக் கதிர்முடிப் போலிகள் இன்று எண்ணற்றுக் கிடைக்கின்றன. சில, அசலுக்கு நெருங்கியவை. சிலவற்றில் மன்னரின் முகம் சிறுவன் வரைந்த சித்திரம் போல் இருக்கும். எழுத்துகள் வெறும் கோடுகளும் வட்டங்களுமாக இருக்கும். காசே சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாயிருக்கும். யாரையும் ஏமாற்ற இவற்றால் இயலாது. வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் உண்மை தெரியும். எனினும் அவை புழங்கின. ஏனெனில் ஏழையின் அன்றாட வாழ்வுக்குச் சில்லறை வேண்டியிருந்தது.

அடுத்த நூற்றாண்டிலும் இதுவே நடந்தது. 348-இல் வெளிவந்த செப்புக் காசில், 'நற்காலம் மீண்டது' என்னும் பொருள்பட எழுதி, குதிரையோடு வீழும் பகைவனை வீரன் ஈட்டியால் குத்தும் காட்சியைப் பொறித்தனர். ஆனால் நற்காலம் மீளவில்லை. உள்நாட்டுப் போர் மூண்டது. அதே காட்சியைச் சிறிய வில்லைகளில் சிதைந்த உருவமாய் அடித்த போலிகளே பிரித்தானியாவில் பெருகின.

கையில் எடுத்துப் பார்த்தால்

சரி, ஒரு காசு உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. எடையும் அளவும்: அந்த மன்னர் காலத்து அளவோடு ஒப்பிடுங்கள். நெடுங்காலம் புழங்கிய காசு தேய்ந்து சிறிது குறைவது இயல்பு. எழுத்துகள் தெளிவாக இருந்தும் எடை மிகக் குறைந்தால் ஐயம் கொள்ளலாம்.

2. எழுத்து: இதுவே சிறந்த சாட்சி. அரசின் செதுக்குநருக்கு இலத்தீன் தெரியும். போலி செய்தவர் பலருக்கு எழுத்து வெறும் கோலம். ஆகவே எழுத்து விடுபடும், திரும்பி நிற்கும், சொல் பாதியில் முறியும். பட்டம், பெயர் ஆகியவற்றின் வரிசையும் குழம்பும்.

3. முகம்: கண், மூக்கு, கழுத்து, முடி ஆகியவற்றை அசலோடு ஒப்பிடுங்கள். போலியில் கதிர்முடியின் முனைகள் முட்களாகும். ஆடை மடிப்புகள் வெறும் கோடுகளாகும்.

4. பின்பக்கம்: அச்சின்னம் அந்த மன்னருக்கு உரியதா? அக்கசாலைக் குறி இருக்க வேண்டிய காலமாயின், அது சரியாக இருக்கிறதா?

5. செய்முறை: அடித்த காசில் உலோகம் அழுத்தத்தால் பரவிய தடம் இருக்கும், கோடுகள் கூர்மையாக நிற்கும். களிமண் அச்சில் உருக்கி வார்த்ததாயின் கோடுகள் மழுங்கும், ஊசித்துளைகள் தென்படும், விளிம்பில் இரு பாதிகள் கூடிய தையல் தெரியும். அக்காலக் கள்ளர் பயன்படுத்திய சுட்ட களிமண் அச்சுகள் பிரித்தானியாவிலும் காலியாவிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

ஒரே அடையாளத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. ஐந்தும் ஒன்றாகச் சாட்சி கூற வேண்டும்.

அவசரத் தீர்ப்பு வேண்டாம்

அழகற்றது யாவும் போலி என்று எண்ணிவிடாதீர்கள். 286-இல் பிரித்தானியாவைக் கைப்பற்றித் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்ட கரௌசியசின் தொடக்கக் காசுகள் மிகவும் கரடுமுரடானவை. பழைய காசுகளின் மேலேயே அவசர அவசரமாக அடித்தவையும் உண்டு. ஆயினும் அவை அவரது அரசின் காசுகளே. அவரே வேறு சில காசுகளை நல்ல வெள்ளியில் அடித்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. இவ்வாறே, கிரேக்க எழுத்துடன் கிழக்கு நகரங்கள் அடித்த காசுகளும் உரிய அதிகாரத்தோடு வெளிவந்தவையே.

அறிஞர்களும் இதில் மாறுபடுகின்றனர். 1713-இல் திரான்சில்வேனியாவில் கிடைத்த சில பொற்காசுகளில் 'ஸ்பான்சியன்' என்னும் பெயர் உள்ளது. வரலாறு அறியாத மன்னர்! காசும் அடித்ததன்று, வார்த்தது. ஆகவே 19-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஒருவர் இவற்றை மட்டமான பிற்காலப் போலி என்று ஒதுக்கினார். 2022-இல் கிளாஸ்கோ அருங்காட்சியகக் காசை நுண்ணோக்கியில் ஆராய்ந்த குழு, அதன் தேய்மானத்தையும் ஒட்டியிருந்த மண்ணையும் காட்டி, பழங்காலக் காசே என்றது. காசியல் அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. முந்நூறு ஆண்டுகளாக ஒரு காசு தீர்ப்புக்காகக் காத்திருக்கிறது!

மூன்றாம் வகையும் நம் வீடுகளும்

சேகரிப்போரின் பணத்தைக் குறிவைத்துப் பிற்காலத்தார் செய்தவை மூன்றாம் வகை. ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772-1830) இதில் பேர்போனவர். அச்சைத் தம் கையாலேயே செதுக்கி, பழைய முறைப்படியே அடித்தார். புதுக் காசு பளபளக்குமே! அதற்கு, இரும்புத் தூள் நிரம்பிய பெட்டியில் காசுகளை இட்டு, குதிரை வண்டியின் அடியில் கட்டி ஊரைச் சுற்றி வந்தாராம். காலத்தின் தேய்மானத்தைச் சாலையின் குலுக்கலில் வாங்கிக்கொண்டார்!

நம் பகுதியிலும் ரோமானியக் காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் காசுகள் இங்கு மிகுதி. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் மன்னரின் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு உள்ளது. இந்தியாவில் ரோமானியக் காசைப் பார்த்துச் செய்தவையும் உண்டு. இலங்கையிலோ நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகளைப் பார்த்து உள்ளூரிலேயே ஏராளமாக அடித்தனர். அங்கும் காரணம் சில்லறைத் தேவையே.

ஆகவே இல்லத்தரசிகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பெட்டியிலோ தோட்டத்திலோ ஒரு காசு கிடைத்தால், புளி போட்டு விளக்கிவிடாதீர்கள்! அதன்மேல் படிந்த களிம்பே அதன் வயதுக்குச் சாட்சி. மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின், மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. வீதியில் 'ரோமாபுரிக் காசு' என்று விற்பவரிடம் ஏமாறவும் வேண்டாம்.

தீனாரின் கதை

இறுதியாக, நமக்கு நெருக்கமான ஒரு செய்தி. திருக்குர்ஆனில் ஆல இம்ரான் அத்தியாயத்தில் 'தீனார்' என்னும் சொல்லும், யூசுஃப் அத்தியாயத்தில் 'திர்ஹம்' என்பதன் பன்மையும் வருகின்றன. தீனார் என்பது ரோமரின் 'தினாரியஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. திர்ஹம், கிரேக்கரின் 'திரக்மா'விலிருந்து வந்தது. செப்புக் காசைக் குறிக்கும் 'ஃபல்ஸ்' என்பதும் ரோமரின் 'ஃபோல்லிஸ்' என்பதன் வழிவந்ததே. அன்றைய அரபு வணிகர்கள் ரோமரின் பொன்னையும் பாரசீகரின் வெள்ளியையும் கொண்டே வாணிகம் செய்தனர்.

ஷாம் நாடு முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்தபின், அங்குச் சில்லறைக்கு என்ன செய்தனர்? கிழக்கு ரோமப் பேரரசரின் உருவம் கொண்ட செப்புக் காசைப் பார்த்தே அடித்தனர். தொடக்கத்தில் அவை பார்வைக்குச் சிதைந்த போலிகள். பின்னர் ஆட்சியாளர் அவற்றில் அரபியில் ஒரு சொல்லைச் சேர்த்தனர். ஹிம்ஸ் நகரக் காசில் 'தய்யிப்', அதாவது நல்லது. திமிஷ்க் நகரக் காசில் 'ஜாயிஸ்', அதாவது செல்லும். உருவம் அப்படியே இருந்தது. ஆனால் அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் முன்வந்துவிட்டார். போலி, நாணயம் ஆயிற்று! ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696-697) கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் உருவத்தை அறவே நீக்கி, எழுத்து மட்டுமே கொண்ட, 4.25 கிராம் எடையுள்ள தீனாரை வெளியிட்டார்.

வாசகர்களே! ஒரு காசை அசலாக்குவது அதிலுள்ள முகமன்று. அதன் பின்னால் நிற்கும் பொறுப்பு. அந்தப் பொறுப்பிலிருந்து அரசே நழுவியபோது நல்ல காசும் கெட்டது. ஊர்ப் பட்டறையில் அழகின்றி அடித்த காசோ, ஏழையின் அடுப்பெரிய உதவியது. எனவே ஒரு போலிக் காசைக் காணும்போது, "இது அரசின் காசா?" என்று மட்டும் கேளாமல், "இது யாரை ஏமாற்ற அடித்தது, அல்லது யாருடைய தேவைக்கு அடித்தது?" என்றும் கேளுங்கள். இலங்கை மன்னர் செய்ததைப் போல், முகத்தை ஒதுக்கிவிட்டு எடையைப் பாருங்கள். காசுக்கும் அதுவே உரைகல், மனிதருக்கும் அதுவே உரைகல்.